மூன்று மணிக்குள் ஒரு முகம்

அழைப்பு மணி அடுத்தடுத்து இரண்டு தரம் அலறியது. சோற்றைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டிருந்த ரிட்சுகோ அகப்பையும் கையுமாக ஓடினாள். இறுதிச் சடங்கு நிறுவனத்து குரிமோத்தோ அதற்குள் வந்துவிட்டாரா? மூன்று மணி என்றாரே, இப்போது ஒன்றே கால்தானே ஆகிறது!

வாசலில் கூரியர்காரன் ஒரு அட்டைப்பெட்டியோடு நின்றான்.

"தோகியே அம்மா வீடுதானே? கையெழுத்து வேணும்."

"அம்மா உள்ள படுத்திருக்காங்க."

"தூங்கறாங்களா? எழுப்ப வேண்டாம், நீங்களே போடுங்க."

ரிட்சுகோ போட்டாள். பெட்டியைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டுச் சோற்றுக்கு ஓடினாள்.

பாய் விரித்த அறையில் அம்மா வடக்கே தலை வைத்துப் படுத்திருந்தாள். முகத்தில் வெள்ளைத் துணி, உடல் கெடாமலிருக்கப் போர்வைக்குள் உலர்பனிக் கட்டிகள். நேற்று மாலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனவள். நாளை மாலை ஊர் வந்து கும்பிடும்போது பூக்களுக்கு நடுவே அவளுடைய படம் இருக்க வேண்டும். மூன்று மணிக்குள் கொடுத்தால்தான் பெரிதாக்கிச் சட்டம் போட முடியும் என்று குரிமோத்தோ கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மாவுக்கோ படமே இல்லை.

ரிட்சுகோ தலைமாட்டில் வைத்த கிண்ணத்தைச் சித்தி ஹருயோ எட்டிப் பார்த்தாள். இறந்தவருக்குப் படைக்கும் குவித்த சோறு, நடுவே நட்ட இரண்டு சாப்பாட்டுக் குச்சிகள்.

"அரை வேக்காடுடி. உங்கம்மா எழுந்து உக்காந்து திட்டப் போறா."

"திட்டட்டும் சித்தி. எழுந்து உக்காந்தா ஒரு போட்டோவாவது எடுத்துக்கலாம்."

தம்பி ஷுன்ஜி மூன்றாவது ஆல்பத்தையும் மூடினான். "எல்லாத்துலயும் நீயும் நானும்தான்க்கா. உன் கல்யாணப் படத்துல பாரு, அம்மா இருக்கற இடத்துல மாமாவோட தோள்தான் தெரியுது."

"போட்டோன்னாலே அடுப்புல ஏதோ இருக்குன்னு ஓடிடுவாளே."

"அப்ப டிரைவிங் லைசென்ஸ்தான்."

"அதுல போலீஸ் தேடற ஆள் மாதிரி இருக்கா. வேண்டாம்."

"அதுக்காக வெறும் சட்டத்தையா வைக்க முடியும்? வாசல்ல யாரு வந்தது?"

ரிட்சுகோ பெட்டியைக் கொண்டுவந்து பிரித்தாள். உள்ளே கனமான இன்னொரு பெட்டி. மேலே பூப்போட்ட எழுத்தில் 'குடைக்கடை வீட்டார்: முழுத் தொடர், முதன்முறையாக டிவிடியில்'. ரிட்சுகோ அதைச் சூடு பட்டவள்போலக் கீழே வைத்தாள்.

முப்பத்து நான்கு வருடத்துக்கு முந்தைய தொடர். வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு நாடே அந்தக் குடைக்கடைக் குடும்பத்தோடு சாப்பிட உட்காரும். தாத்தா முதல் கடைக்குட்டி மகள் வரை ஒன்பது பேர் வட்டமேசையைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போடுவார்கள், அழுவார்கள், வாய் நிறையத் தின்பார்கள். அந்தச் சாப்பாடு முழுக்க அம்மா சமைத்தது. வாரத்துக்கு நாலு நாள் ஸ்டுடியோ. ஒரே காட்சியை ஆறு தரம் எடுத்தால் ஆறு தரமும் ஆவி பறக்க வேண்டும்.

ரிட்சுகோவுக்கு அப்போது எட்டு வயது. அவளும் தம்பியும் கடையில் வாங்கிய ரொட்டியைத் தின்றுவிட்டுத் தூங்கிப் போவார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்பார்கள்: "உங்கம்மா நேத்து குடைக்கடைக்கு என்ன செஞ்சாங்க?" அவளுக்குத் தெரியாது. வியாழக்கிழமை எட்டு மணிக்கு அவள் சேனலை மாற்றிவிடுவாள்.

ஷுன்ஜி உள்ளிருந்த கடிதத்தை உரக்கப் படித்தான். "'தோகியே அம்மாவுக்கு வணக்கம். கடைசி டிஸ்க்கில் படப்பிடிப்பு நேரத்துப் பழைய படச்சுருள் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். அதில் நீங்களும் இருக்கிறீர்கள்...' அக்கா!"

"போட வேண்டாம்."

"அம்மா மூஞ்சி இருக்கும்க்கா!"

"அந்த வீட்டுல இருக்கற மூஞ்சி நமக்கு வேண்டாம்."

"அப்ப போலீஸ் தேடற ஆளா?"

ரிட்சுகோ பெட்டியைத் தம்பி பக்கம் தள்ளினாள். ஷுன்ஜி காருக்கு ஓடிப் பிள்ளைகள் படம் பார்க்கும் சிறிய கருவியை எடுத்துவந்து டிவியில் மாட்டினான். வெளிச்சம் படாமல் திரையைக் கேமராவில் பிடிக்க வேண்டுமென்று ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடினான். அந்த நேரம் பார்த்துத் துக்கம் கேட்க வந்த அடுத்த வீட்டு அம்மாள், இருட்டறையில் டிவி ஓடுவதைக் கண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாங்க, வாங்க. அவ வேலை செஞ்ச படம்தான்" என்று சித்தி அவளை இழுத்து உட்காரவைத்து ஊதுபத்தியைக் கையில் கொடுத்தாள்.

சுருளில் சத்தம் இல்லை, நிறம் வெளிறியிருந்தது. விளக்குத் தூக்குகிறவர்கள், கம்பிகள், யாரோ கொட்டாவி விட்டார்கள். ஷுன்ஜி வேகமாக ஓட்டினான். ஒரு கை தட்டை வைத்துவிட்டு மறைந்தது.

"எங்கக்கா கைடா அது!" என்றாள் சித்தி. "கட்டை விரல்ல தழும்பு பாரு."

கை வந்தது, போனது. கரண்டி வந்தது. முதுகு வந்தது. மணி இரண்டு இருபது. இரண்டரை. ரிட்சுகோ எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், அணைந்த பத்தியை மாற்றினாள், மறுபடி நின்றாள்.

"மெதுவா ஓட்டுடா!"

நடிகர்கள் வருமுன் மேசைக்கு வெளிச்சம் சரிபார்க்கிறார்கள்போல. தாத்தா இடத்தில் ஒரு தச்சர், அப்பா இடத்தில் ஒயர் சுற்றும் பையன். வீட்டுக்காரியின் இடத்தில் ஏப்ரனோடு அம்மா. கடைக்குட்டியாக நடித்த சிறுமி மட்டும் சீக்கிரமே வந்துவிட்டிருந்தாள். பின்னாலிருந்து அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு அவள் காதில் ஏதோ சொன்னாள். அம்மா தலையைப் பின்னால் சாய்த்து, வாயை மூடாமல், கண் இடுங்கச் சிரித்தாள்.

ஷுன்ஜி அங்கேயே படத்தை நிறுத்தினான். அடுத்த வீட்டு அம்மாள் கைக்குட்டையைத் தேடினாள்.

"இவ்ளோ பல்லா அம்மாவுக்கு!" என்றான் ஷுன்ஜி.

"நம்ம வீட்டுல ஒருநாளாவது இப்படிச் சிரிச்சிருக்காளா?" என்று கேட்டாள் ரிட்சுகோ.

"அலுத்துப்போயில்லடி வந்து விழுவா" என்றாள் சித்தி.

"அலுப்பு நமக்கு, சிரிப்பு அவங்களுக்கு."

ஷுன்ஜி கேமராவை நீட்டினான். "எடுக்கவா, வேண்டாமா? நீ சொல்லு. மூத்தவ நீதான்."

ரிட்சுகோ திரைக்கு மிக அருகே போய் முழங்காலிட்டாள். அவ்வளவு கிட்டத்தில் முகம் வெறும் புள்ளிகளாக உடைந்தது. பின்னால் நகர்ந்தாள். மறுபடி அம்மா ஆனாள்.

"எடு" என்றாள்.

மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே குரிமோத்தோ வந்துவிட்டார். குனிந்து வணங்கி, அம்மாவுக்கு ஒரு பத்தி ஏற்றிவிட்டு, கேமராவின் சின்னத் திரையை மூக்குக் கண்ணாடிக்கு அருகே பிடித்துப் பார்த்தார்.

"அருமையான முகம்ங்க. கொஞ்சம் மங்கல், சரி பண்ணிடலாம். ஏப்ரனை எடுத்துட்டுக் கறுப்பு கிமோனோ போட்டுடறோம். பின்னாடி எல்லாத்தையும் அழிச்சிட்டு வெளிர் நீலம். எல்லாருக்கும் அப்படித்தான் செய்யறது."

"சரிங்க" என்றான் ஷுன்ஜி.

"ஒண்ணுதாங்க சங்கடம். தோள் மேல இந்தச் சின்னக் கை இருக்கு. கன்னத்தோட கன்னமா பாப்பா முகமும் ஒட்டியிருக்கு. இவங்களையும் எடுத்துடலாம், ஆனா..." அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாருங்க இந்தப் பாப்பா?"

"அது வந்து, அந்தக் காலத்துல டிவியில..." என்று ஷுன்ஜி ஆரம்பித்தான்.

ரிட்சுகோ முந்திக்கொண்டாள்.

"நான்தாங்க. அழிக்க வேண்டாம்."