புதன்கிழமை ஜெபக்குறிப்பு

பாஸ்டர் அறிவரசனுக்கு எல்லா நல்ல குணமும் உண்டு. வாய் மட்டும்தான் சரியில்லை. கெட்ட வார்த்தை பேசுகிற வாய் என்று நினைத்துவிடாதீர்கள், சந்தோஷம் தாங்காத வாய். நல்ல சேதி ஒன்று காதில் விழுந்தால் மனுஷனுக்குத் தலைகால் புரியாது. அரை மணி நேரத்தில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்டவர்தான் 2004-ஆம் வருஷம் அரசாங்கத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கென்று ஒரு ஜெபக்கூட்டம் ஆரம்பித்தார். புதன்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு ஜெராக்ஸ் கடை மாடியில் கூடுவார்கள். ஆபீஸ்கள் சாப்பாட்டுக்கு விடுகிற நேரம் என்பதால் எல்லோரும் டிபன் பாக்ஸோடு வருவார்கள். கரண்ட் ஆபீஸிலிருந்து ஒருத்தர், கருவூலத்திலிருந்து ஒருத்தர், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா, அப்படி எட்டுப் பேர். பாஸ்டருக்கு அதில் எவ்வளவு பெருமை என்று கேட்காதீர்கள். "நம்ம கவர்மெண்ட் ஆளுங்க" என்றுதான் சொல்வார்.

அந்த எட்டுப் பேரும் பாட்டுப் பாடவா வந்தார்கள்? மனசுவிட்டுப் பேசத்தான் வந்தார்கள். மேலதிகாரி திட்டியது, டிரான்ஸ்ஃபர் பயம், இதையெல்லாம் ஆபீஸில் பேச முடியாது, பக்கத்து நாற்காலிக்கே காது உண்டு. முதல் நாளே பாஸ்டர் பைபிள் மேல் கை வைத்துச் சொல்லியிருந்தார். "இங்க பேசுறது இந்த நாலு செவுத்தைத் தாண்டாதுங்க."

சொன்னவர் ஒன்றை மறந்துவிட்டார். அவரிடம் ஜெபச் சங்கிலி என்று ஒன்று இருந்தது. யாருக்காவது ஜெபம் தேவைப்பட்டால் அந்த ஜெபக்குறிப்பைப் பாஸ்டர் வீடு போகும்வரை பொறுக்காமல் எஸ்.டி.டி. பூத்திலிருந்தே சபையைச் சேர்ந்த பொன்னாயி அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்வார். பொன்னாயி அம்மா இரண்டு பேருக்குச் சொல்லுவார், அந்த இரண்டு பேர் நாலு பேருக்கு. பூலாம்பாடி, வேப்பந்தட்டை என்று சுற்றுவட்டாரத்தில் நாற்பது பெண்கள் சாயங்காலத்துக்குள் முழங்காலில் நிற்பார்கள். சபையில் பாஸ்டர் மார்தட்டிக்கொள்ளும் ஏற்பாடு அது. கடவுள் காதில் போடச் சொல்வது வெளியே சொல்வதாகுமா என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்தப் புதன்கிழமை மலர்க்கொடி ஜெபக்குறிப்பு சொன்னாள். வழங்கல் ஆபீஸில், அதாவது ரேஷன் கடைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸில், டைப்பிஸ்ட். புருஷன் அதே இலாகாவில் வேலை பார்த்து விபத்தில் செத்துப்போனதால் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அடுத்த மாதம் ஃபைல் மேலே போகிறது. ஆபீஸர் நல்லதாக நாலு வரி எழுதினால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு.

"நாளைக்குக் காலையில எங்க ஆபீஸர் ஒரு ரேஷன் கடைக்குத் திடீர்னு சோதனைக்குப் போறாருங்க பாஸ்டர். நான்தான் ஆர்டர் அடிச்சேன். போன தடவை ஒரு ஊருல அவரை அடிக்கவே வந்துட்டாங்க. நேர்மையான மனுஷன். அவருக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு ஜெபிக்கணும்ங்க."

"எந்த ஊருக் கடைங்க சிஸ்டர்?" என்றார் பாஸ்டர். கேட்டிருக்கக் கூடாது. "ஜெபிக்கிறதுக்கு ஊர்ப்பேரு தெரியணும் பாருங்க."

மலர்க்கொடி கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொன்னாள். வேப்பந்தட்டையைத் தாண்டி ஒரு கிராமம்.

இரண்டு மணிக்கு பாஸ்டர் பூத்தில் நின்றார். நேர்மையான ஆபீஸர், திடீர்ச் சோதனை, அதற்காக ஜெபிக்கும் டைப்பிஸ்ட். தேவனுடைய மகிமைக்கு இது எப்பேர்ப்பட்ட சாட்சி என்று அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஊர்ப்பேர், ஆபீஸர் பேர், கிளம்பும் நேரம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பொன்னாயி அம்மாவிடம் ஒப்பித்தார்.

ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனால் அவர் மனைவி சுமதி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளும் சங்கிலியில் ஒருத்தி. "ஏங்க, பாப்பாயி அம்மா அவசரமா ஒரு குறிப்பு குடுத்திருக்காங்க. அவங்க மருமவன் வேப்பந்தட்டைக்கு அந்தாண்ட ரேஷன் கடை பாத்துக்கறாருல்ல, நாளைக்கு யாரோ ஆபீஸர் வந்து கடையைப் பாக்கப் போறாராம். அந்த ஆபீஸரோட கண்ணு மறைக்கப்படணும்னு உருக்கமா ஜெபிக்கச் சொன்னாங்க. நான் இப்பதான் முடிச்சேன்."

பாஸ்டர் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினார். அவர் அனுப்பிய குறிப்பு ஊரெல்லாம் சுற்றி, சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஆபீஸருக்காக இருபது பேரும் கடைக்காரருக்காக இருபது பேரும் ஒரே தேவனிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

டிவிஎஸ் ஃபிஃப்டியை உதைத்துக் கிளப்பினார். பொன்னாயி அம்மா வீட்டுக்கு ஓடினார். "நான் ரெண்டு பேருக்குத்தாங்க சொன்னேன்" என்றார் அந்த அம்மா. அந்த இரண்டு பேரிடமும் போனார். அவர்களும் இரண்டிரண்டு பேருக்குத்தான் சொல்லியிருந்தார்கள். யாரும் ஒரு பாவமும் செய்யவில்லை. வண்டி பெட்ரோல் கேட்டு முனகியது, இவர் கர்த்தரைக் கேட்டு முனகினார். பாப்பாயி அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மருமகன் அங்கே இல்லை. "வெளிய போன மூட்டைங்களைத் திரும்பக் கொண்டாரணும்னு டெம்போ எடுத்துக்கிட்டுப் போயிருக்காருங்க பாஸ்டர்" என்றார் பாப்பாயி அம்மா. "நீங்க குறிப்பு குடுக்கலைன்னா எங்க கதி என்ன ஆயிருக்கும். கர்த்தர்தான் உங்களைக் காட்டுனாரு."

அந்த நன்றியைப் பாஸ்டர் எப்படி விழுங்கினார் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் காலை மனசு கேட்காமல் அந்தக் கிராமத்துக்கே போனார். கடை வாசலில் திருவிழாக் கூட்டம். மூன்று மாதமாக வராத சர்க்கரை வந்திருந்தது, மண்ணெண்ணெய் டின் விளிம்பு வரை நிறைந்திருந்தது, அரிசி எடை மாறாமல் விழுந்தது. ஜீப்பில் வந்து இறங்கிய ஆபீஸர் வைத்திலிங்கம் தராசைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், மூட்டைகளை எண்ணினார். எல்லாம் இம்மி பிசகாமல் இருந்தது. ஒரு கிழவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மவராசன் நீ தெனமும் வரணும் சாமி" என்றாள். வைத்திலிங்கத்தின் முகம் சுண்டிப்போனது. மூன்று மாதமாக வந்த புகாரையெல்லாம் கோத்து அவர் போட்ட திட்டம் அது.

ஜீப்பில் ஏறும்போது அவர் டிரைவர் முருகையனைப் பார்த்த பார்வையைப் பாஸ்டர் புளியமரத்தடியிலிருந்து பார்த்தார். முருகையனுக்கு அந்தப் பக்கத்து ஊர்தான்.

பதினொரு மணிக்கு அவர் வீடு திரும்பியதும் போன் அடித்தது. மலர்க்கொடி.

"முருகையண்ணன்தான் சொல்லிட்டாருன்னு சாரு முடிவே பண்ணிட்டாரு. அவருக்கு மெமோ அடிக்கச் சொல்லிட்டாருங்க. அண்ணனுக்கு ரிட்டையர் ஆக இன்னும் நாலே மாசம். இப்ப மெமோ வந்தா பென்ஷன் நின்னுபோயிரும்." பிறகு கேட்டாள். "பாஸ்டர், ஆபீஸ்ல அந்த விஷயம் சாருக்கும் எனக்கும் வண்டி எடுக்குற அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். அடுத்தாப்ல நம்ம புதன்கிழமைக் கூட்டத்துலதான் சொன்னேன். நீங்க யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னேன் சிஸ்டர்" என்றார் பாஸ்டர். "நாப்பது பேருகிட்ட."

அவள் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்.

"நான் இப்பவே வரேன். நான் வந்து சாருகிட்டப் பேசுற வரைக்கும் ஒண்ணும் அடிக்காதீங்க. தயவுசெஞ்சு அடிக்காதீங்க."

வழியில் ரயில்வே கேட் கிடையாது, ஆடு மாடு குறுக்கே வரவில்லை, வண்டியும் மக்கர் பண்ணவில்லை. ஆனாலும் அந்த மூன்று கிலோமீட்டர் அவருக்கு மூன்று நாள் மாதிரி நீண்டது. என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். தப்பு என்னுடையது என்று சொன்னால், உனக்கு யார் சொன்னது என்று ஆபீஸர் கேட்பார். அவளைக் காட்டிக்கொடுக்காமல் முருகையனைக் காப்பாற்ற வழியே இல்லை. முருகையனை விட்டுவிட்டு அவளைக் காப்பாற்றினால் பாஸ்டர் என்ற பேரை அன்றைக்கே கழற்றி வைத்துவிடலாம்.

ஆபீஸருடைய அறைக்குள் அவர் மூச்சிரைக்க நுழைந்தபோது மலர்க்கொடி மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். டைப்ரைட்டர் அந்த அறை மூலையிலேயே இருந்தது. வைத்திலிங்கம் கையில் அடித்த தாள். அவர் அதை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"என்னம்மா இது? முருகையன் பேரு இருக்க வேண்டிய எடத்துல உன் பேரை அடிச்சிருக்க?"

"சரியாத்தான் அடிச்சிருக்கேன் சார். வெளிய சொன்னது நான்தான்."

பாஸ்டர் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினார். ஜெராக்ஸ் கடை மாடி, ஜெபக்குறிப்பு, தானே ஊர்ப்பேர் கேட்டது, பொன்னாயி அம்மா, நாற்பது பேர், பாப்பாயி அம்மாவின் மருமகன். "அவங்க உங்க உசுருக்காகத்தாங்க ஜெபிக்கச் சொன்னாங்க. பரப்பிவிட்டது நான். தண்டனை எதுவா இருந்தாலும் எனக்குக் குடுங்க சார்."

"உங்களுக்கு மெமோ குடுக்க எனக்கு அதிகாரம் இல்லீங்களே" என்றார் வைத்திலிங்கம். அவருக்குச் சாமி கும்பிடுகிற பழக்கமே கிடையாது என்று ஆபீஸில் சொல்வார்கள். "நாப்பது பேரா? எவ்வளவு நேரத்துல?"

"மூணு மணி நேரத்துலங்க."

"நான் சர்க்குலர் அனுப்பினா மூணு வாரம் ஆவுது." வைத்திலிங்கம் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் இருந்த கடுப்பு போய் ஒரு வெளிச்சம் வந்தது. "சரி, ஒரு காரியம் பண்ணலாம். இந்த மெமோவைக் கிழிச்சுப் போட்டுடறேன். வாராவாரம் நான் ஒரு ஊர்ப்பேரு சொல்றேன். அந்த ஊருக்கு நான் போறேன்னு உங்க சங்கிலியில விட்டுடுங்க. நான் போவ மாட்டேன். ஆனா கடை ஒழுங்கா நடக்கும். சனங்களுக்கு அரிசி கெடைக்கும், இந்தப் பொண்ணுக்கு வேலை நிக்கும். என்ன சொல்றீங்க?"

பாஸ்டர் வாய் திறந்தது. ஆகட்டும் சார் என்ற வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. சனங்களுக்கு அரிசி, இவளுக்கு வேலை, இதில் என்ன தப்பு?

"வேணாம் சார்" என்றாள் மலர்க்கொடி.

இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"எம் புள்ளைங்களுக்குக் காய்ச்சல்னாலும் அந்தச் சங்கிலியிலதான் சார் சொல்றேன். எங்க வூட்டுக்காரரு செத்தப்ப அந்த நாப்பது பேருதான் என்னைத் தூக்கி நிறுத்துனாங்க. அவங்களை மண்டி போட வச்சுப் பொய்க்கு ஜெபிக்க வைக்கக் கூடாது சார். மெமோ குடுங்க. நான் விளக்கம் எழுதிக்கறேன்."

அறிவரசனுக்கு வெட்கமாக இருந்தது. அவர் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. சபையில் மணிக்கணக்காகப் பிரசங்கம் பண்ணுகிறவர், ஒரு டைப்பிஸ்டின் நாலு வார்த்தைக்கு முன்னால் தலை குனிந்து நின்றார். பிறகு நிமிர்ந்து, "அவங்க சொல்றதுதாங்க சார் சரி. என்னால முடியாதுங்க. அந்த மாடியில பேசுறது இனிமே சங்கிலிக்குப் போவாது" என்றார்.

வைத்திலிங்கம் பேனாவைத் திறந்து மெமோவின் அடியில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு மலர்க்கொடியிடம் நீட்டினார். அவள் படித்தாள். பாஸ்டர் எட்டிப் பார்த்தார். 'தவறை ஒப்புக்கொண்டார். எச்சரிக்கப்பட்டார். மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று இருந்தது.

"முருகையனை நான் பார்த்துப் பேசிக்கறேன்" என்றார் வைத்திலிங்கம். "அவருகிட்ட மன்னிப்புக் கேக்க வேண்டியது நான்தான். உன் ஃபைலு அடுத்த மாசம் வரும். அதுல எழுத வேண்டியதை எழுதுவேன். போதுமா?"

மலர்க்கொடி அழுதபடியே தலையை ஆட்டினாள்.

"அழுதது போதும், உக்காரு. மெஷின்ல புதுப் பேப்பர் வை, கார்பனும் வை. சனிக்கிழமை வேற ஒரு கடைக்குப் போறேன், ஆர்டர் அடிக்கணும்."

அவள் அப்படியே நின்றாள். தன்னிடமா சொல்கிறார் என்பது போல அவரையே பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூலைக்குப் போய் உட்கார்ந்து தாளைச் சொருகினாள்.

வைத்திலிங்கம் ஊர்ப்பேரைச் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டு திரும்பினார். "பாஸ்டர், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

அறிவரசன் வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளே டைப்ரைட்டர் சடசடவென்று ஓட ஆரம்பித்தது. அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.