பின்பக்கமாக ஏறுகிற வண்டி

"ஆடாம இருடா. கன்னத்தைக் கீறிடப் போறேன்" என்றாள் அக்கா.

தம்பி ஆடவில்லை, பேசினான். பேசினால் தாடை ஆடத்தானே செய்யும்? அவன் முடிக்கட்டும் என்று ரேசரைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"அந்த மஞ்சள் வீட்ல, ரோஜாப் பாத்திக்கும் கல் சுவருக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கும்?"

"நான் ரெண்டு கையையும் விரிச்சா ஒரு கை சுவத்துல இடிக்கும், இன்னொரு கைல முள்ளு குத்தும். நேத்தும் இதையேதான் கேட்ட."

"அப்போ அகல வண்டியும் நுழைஞ்சிடும்."

"நுழையட்டும். நுழைஞ்சு?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. அவனுக்கு வயிற்றில் கட்டி. டாக்டர் கையை விரித்து, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. அந்த இரண்டு மாதமும் அவன் படுத்த படுக்கையாகக் கிடந்து, புல் வெட்டும் டிராக்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான்.

நோய்கூட அவளுக்கு ஒரு மாதிரி பழகிவிட்டது. டிராக்டர்தான் பழகவே இல்லை. விடியும்போதே அவன் போனில் வீடியோ ஓட ஆரம்பித்துவிடும். யாரோ ஒருவன் ஏதோ ஒரு மேட்டில் வண்டியை ஏற்றி இறக்கிக்கொண்டே அதன் பெருமையை அளந்துகொட்டுவான். சூப்பை ஆற்றி எடுத்துக்கொண்டு போனால், "இரு, பின்சக்கரத்தைக் காட்டறான்" என்பான் தம்பி. சூப் மறுபடி ஆறிப்போகும். எழுந்து உட்காரவே ஆள் வேண்டியிருக்கிறது, இவனுக்கு எதற்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று அவளுக்கு எரிச்சலாக வரும். எரிந்து விழுந்துவிட்டுப் பிறகு அடுப்படியில் நின்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

மேட்டுத்தெரு வீடுகளுக்குப் புல் வெட்டிக்கொடுப்பதுதான் இருவருக்கும் பிழைப்பு. அங்கே எல்லா வீட்டுத் தோட்டமும் சரிவில்தான். வெறும் சரிவு என்றாலும் பரவாயில்லை, ஆளாளுக்கு அழகு பார்த்து நடுநடுவே பூப்பாத்தி, குட்டிக்குளம், கல் பெஞ்சு என்று வைத்திருப்பார்கள். வண்டி ஓட்டுவது தம்பி. வண்டி போகாத ஓரங்களைத் தோளில் மாட்டிய கைமெஷினால் சுற்றிச் சுற்றி வெட்டுவது அக்கா. எந்தப் புது வீட்டுக்குப் போனாலும், தம்பி முதலில் புல் வெட்டும் கத்தியை நிறுத்திவிட்டு வண்டியைப் பின்பக்கமாகச் சரிவில் ஏற்றிப் பார்ப்பான். பின்பக்கமாக ஏறாத இடத்தில் முன்பக்கமாகவும் ஏறக் கூடாது என்பது அவன் கணக்கு.

சரிவுக்குத் தோதான வண்டிகள் தாழ்வாக, அகலமாக இருக்கும், பாத்திகளுக்கு நடுவே போக முரண்டு பிடிக்கும். நின்ற இடத்தில் பம்பரமாகத் திரும்புகிற வண்டிகளோ சரிவில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இரண்டுக்கும் ஒத்துவருகிற ஒன்றைத்தான் அவன் தேடிக்கொண்டிருந்தான். ஓரங்கள் எல்லாம் அக்காவுக்குத்தான் மனப்பாடம் என்பதால் அவளைத் துளைத்தெடுத்தான்.

பழைய வண்டியைப் போன மாதமே வண்டிக்கடைக்காரர் ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார். அந்த வண்டியோடு அக்காவுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அதன் சீட்டுக்கடியில் ஒரு சுவிட்ச் இருந்தது. ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் எஞ்சின் தானாக நின்றுவிட வேண்டும் என்பதற்காக வைத்தது. அக்காவோ ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அவள் சரிவில் ஓட்டிய ஒரே ஒரு நாள், வண்டி லேசாகக் குலுங்கியதும் ஆளே இல்லை என்று நினைத்துக்கொண்டு எஞ்சின் பொட்டென்று நின்றது. தம்பி அலறிக்கொண்டு ஓடி வந்து அவளை இறக்கினான். அதற்கப்புறம் ஏறவே விடவில்லை. "எங்கக்கா உக்காந்தா வண்டிக்கே தெரியாது" என்று வேலை செய்யும் வீடுகளிலெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சாயங்காலம் வண்டியைக் கழுவிக் கொட்டகைக்குள் விடும்போது மட்டும், உரமூட்டை ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவளே ஓட்டுவாள். அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்ததில்லை.

முகத்தைத் துடைத்துவிட்டதும் தம்பி, "இப்படி உக்காந்து காலை நீட்டு" என்றான்.

"யாரு, நானா?"

"நீதான். நீட்டேன்."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நீட்டினாள். அவன் ஒருக்களித்து, அவள் இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் சாண் போட்டு அளந்தான். பாதியில் கணக்கு விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து அளந்தான். சரி, புத்தியும் போக ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, காலை அசைக்காமல் வைத்திருந்தாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்றான்.

யாரிடம், என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் டிராக்டர்தான் பதிலாக வரும். தூக்கம் கெட்டுக் கெட்டு, ஒரு கேள்வி கேட்கும் தெம்புகூட அவளிடம் மிச்சமில்லை.

"சாயங்காலம் வண்டிக்கடைக்காரர் வருவாரு. நான் தூங்கிட்டாலும் எழுப்பிடு."

"எழுப்பறேன், எழுப்பறேன்."

குவளையையும் ரேசரையும் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது அவனுக்கு மூச்சு இல்லை. போன் மார்பின் மேல் கிடந்தது. அதில் யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். எதை அழுத்தினால் நிற்கும் என்று தெரியாமல் அதைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, தன்னுடைய போனைத் தேடி எடுத்து அண்ணனுக்குச் சொன்னாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அழுகை வரும் என்று காத்திருந்தாள். களைப்புதான் வந்தது. மழமழவென்றிருந்த அவன் கன்னத்தில், காதோரம் கொஞ்சம் முடி விட்டுப்போயிருந்தது தெரிந்தது.

அண்ணன் அண்ணியோடு மதியத்துக்குள் வந்துவிட்டார். ஊருக்கெல்லாம் அக்காவாக இருப்பவள் அவர் ஒருவருக்குத்தான் தங்கை. தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். கனத்த உடம்பு, கட்டில் கிறீச்சிட்டது. அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வேனுக்குச் சொன்னார், நாற்காலிக்குச் சொன்னார், மேட்டுத்தெருக்காரர்களுக்குச் சொன்னார். அதிலெல்லாம் அவர் கெட்டி. மூச்சு வாங்கிக்கொண்டு தங்கையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இனிமே ஒண்டியா இங்க என்னம்மா பண்ணப் போற? வண்டியும் போயிடுச்சு. எங்களோட வந்துடு. மாடி ரூம் சும்மாதான கெடக்கு."

"எனக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்றாள் அண்ணி.

அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் அந்த ஒத்தாசை எப்படிப்பட்டது என்று அக்காவுக்குத் தெரியும். ஒரு முறை போய்த் தங்கியிருந்தபோது அடுப்படிக்கும் மாடிக்கும் துணிக்கொடிக்குமாக ஏறி இறங்கியதில் முட்டி வீங்கிவிட்டது. அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு வேலை கிடையாது, எல்லோருடைய வேலையும் உண்டு. நல்லவர்கள் வீட்டில் வேண்டாம் என்று சொல்வது இன்னும் கஷ்டம். மறுத்துப் பேசுவதென்றால் சொல்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும். ஒரு கைமெஷினை வைத்துக்கொண்டு மேட்டுத்தெரு முழுக்க வெட்ட முடியாது.

"சரிண்ணா" என்றாள்.

வேன் வருகிற நேரத்துக்கு வாசலில் எஞ்சின் சத்தம் கேட்டது. வந்தது வேன் இல்லை, வண்டிக்கடைக்காரர். அவருடைய பிக்கப்பின் பின்னால் டிரெய்லரில் புத்தம்புது டிராக்டர் ஒன்று, தாழ்வாக, அகலமாக நின்றது. அவருக்குச் சொல்ல மறந்தே போயிருந்தது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் நாற்காலிகளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"எப்போ?"

"காலைல" என்றார் யாரோ.

"முந்தாநேத்துகூட போன்ல பேசினாரே" என்றார்.

அண்ணனுக்கு வந்ததே கோபம். "இழவு வீட்டுல வந்து வியாபாரமாய்யா? கொண்டுபோ, கொண்டுபோ."

"வியாபாரம் எப்பவோ முடிஞ்சுதுங்க. பழைய வண்டியைக் குடுத்து மிச்சத்தையும் கட்டிட்டாரு. எறக்கிவிட்டுப் போறதுதான் பாக்கி."

அதற்குள் பின்னாலேயே வேனும் வந்து ஹாரன் அடித்தது. ஒற்றை வண்டிப் பாதை. டிரெய்லரைச் சுமையோடு திருப்ப முற்றத்தில் இடம் கிடையாது. டிராக்டரை இறக்கினால் டிரெய்லரைக் கழற்றிக் கையாலேயே ஓரத்துக்குத் தள்ளிவிடலாம், பிக்கப்பையும் கொட்டகைப் பக்கம் ஒதுக்கலாம். வண்டிக்கடைக்காரர் பலகையைச் சாய்த்து, ஓரமாக நின்றுகொண்டே கயிற்றைப் பிடித்து டிராக்டரை மெல்ல உருட்டி இறக்கினார். இறக்கியது பாதைக்கு நட்டநடுவில்.

"நீ டிரெய்லரைப் பாரு. இதை நான் எடுத்து விடறேன்" என்றார் அண்ணன். "கார் ஓட்டறவனுக்கு இதென்ன பெரிய வித்தையா?"

ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். வயிறு ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டது, முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. பெடல் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்கவும் வழியில்லை. கூட்டத்தில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள்.

"சீட்டைப் பின்னால தள்ளுய்யா!"

"தள்ள முடியாதுங்க. போல்ட் போட்டு இறுக்கியிருக்கு" என்றார் வண்டிக்கடைக்காரர். "சாண் கணக்குல அளவு சொல்லி, கடையில என் உயிரை வாங்கி மாத்தவச்சாரு. சீட்டு ஸ்பிரிங்கும் வேற. எவ்வளவு லேசான ஆளு உக்காந்தாலும் வண்டிக்குத் தெரியணும், குலுங்கினாலும் நிக்கக் கூடாதுன்னாரு." சொல்லிக்கொண்டே வந்தவர், கூட்டத்திலிருந்து தள்ளி நின்ற ஒல்லியான உருவத்தைப் பார்த்தார். "நீங்கதான் அக்காவா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

அப்போதும் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. படுபாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இத்தனை வருஷமும் ஏறவிடாமல் கேலி பண்ணிவிட்டு, ரோஜாப் பாத்தியைக் கேட்டான், காலைக்கூட அளந்தான், உனக்கு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு நாளாவது கேட்டானா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? போடா, உனக்கென்ன பைத்தியமா என்றுதான் சொல்லியிருப்பாள். அதுவும் அவனுக்குத் தெரியும் என்று நினைத்தபோது இன்னும் கோபம் வந்தது.

"எறங்குண்ணா" என்றாள்.

இரண்டு பேர் கைகொடுத்து அண்ணனை வெளியே எடுத்தார்கள். அவள் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். பாதம் பெடலில் முழுசாகப் படிந்தது.

"எங்க விடணும்?"

"வீட்டுக்குப் பின்னால அந்தச் சரிவுல விட்டாதான் வேன் நுழையும். கொஞ்சம் செங்குத்தா இருக்கே, நான் கூட வரட்டுங்களா?"

"வேணாம்."

"அந்த மஞ்சள் வீட்ல நுழையுமான்னு அவருக்குக் கடைசி வரைக்கும் ஒரே சந்தேகம்" என்றார் அவர், என்ன பேசுவதென்று தெரியாமல்.

"நுழையும்" என்றாள் அக்கா. "பாத்தி ஓரமா நான் பாத்துக்கறேன்." பிறகு அண்ணன் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "மாடி ரூமை யாருக்காவது வாடகைக்கு விட்டுடுங்கண்ணா."

எஞ்சினைக் கிளப்பினாள். வீட்டை ஒட்டி ஓட்டிப்போய் சரிவின் அடியில் வண்டியைத் திருப்பி, முதுகைச் சரிவுக்குக் காட்டி நிறுத்தினாள். இரண்டு மாதமாக வெட்டாத புல் முழங்கால் உயரம் நின்றது. தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டு, பெடலை மெல்ல மிதித்தாள்.

"ஏம்மா, முன்னால ஏத்தும்மா! பின்னால போறியே, கவுந்துடப் போற!" என்று அண்ணன் கத்தினார்.

வண்டி பின்பக்கமாக ஏறியது. பாதிச் சரிவில் புல்லுக்குள் ஒரு பள்ளம் இருந்திருக்கிறது. சக்கரம் இறங்கி ஏறியபோது அவள் சீட்டை விட்டு எழும்பி விழுந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு எஞ்சின் நிற்கக் காத்திருந்தாள். நிற்கவில்லை. மிதித்த பெடலை விடாமல் மேலே வரைக்கும் போனாள்.

மேலே வந்ததும் பிரேக்கில் காலை அழுத்திக்கொண்டு முன்னால் திரும்பினாள். கீழே வேன் முற்றத்துக்குள் வந்து நின்றது. ஆட்கள் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்கள். தம்பியின் அறை ஜன்னல் திறந்திருந்தது. அண்ணன் முற்றத்து நடுவில் நின்று, சீக்கிரம் வா என்று கையை ஆட்டினார். போக வேண்டும்.

எழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். அவள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.