பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில்

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜூஸ் கடையில் நாலு வருஷமாக வேலை பார்க்கும் இசக்கிப்பாண்டிக்கு ஒரு விஷயம் கைப்பழக்கமாகவே தெரியும். பால் பாக்கெட்டைக் கல்லாக உறைய வைத்துவிட்டால் கெடாது. அந்தக் கட்டியை உடைத்துப் பழத்தோடு அடித்தால்தான் ஷார்ஜா ஷேக். அக்காவின் மருந்தையும் அவன் அந்தப் பழக்கத்தில்தான் ஃப்ரீசரில் வைத்தான்.

அக்கா பேச்சிக்குக் கரமனையில் இரண்டு வீட்டில் சமையல் வேலை. சர்க்கரை இருப்பதே தெரியாமல் நடமாடியவளுக்குக் கன்னம் வீங்கி, மூக்குக்குள் கறுப்பாகப் பொருக்குத் தட்டியது. பூஞ்சை என்றார்கள். ஆபரேஷனில் அழுகியதைச் சுரண்டி எடுத்து, ஒரு கண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். மிச்சம் மூளைக்கு ஏறாமலிருக்க ஊசி மருந்து நாள் தவறாமல் ஏற வேண்டும்.

முதலில் ஏற்றியது மஞ்சள் மருந்து. குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து, வெளிச்சம் படாமல் கறுப்புக் காகிதம் சுற்றி, ஆறு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அரை மணியில் பேச்சிக்குக் குளிர் தூக்கிப் போடும். கட்டிலே கிடந்து ஆடும். சீக்கிரம் முடியட்டுமே என்று இசக்கி ஒருநாள் சொட்டைக் கூட்டப் போனபோது நர்ஸ் ரோஸ் அவன் கையைத் தட்டிவிட்டாள். வேகமாகப் போனால் நெஞ்சு நின்றுவிடும் என்றாள். பாறசாலைக்காரி, தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவாள்.

பத்தாம் நாள் கிட்னி சரியில்லை என்று டாக்டர் மருந்தை மாற்றினார். அதே மருந்துதான், கொழுப்புத் துளிக்குள் பொதிந்தது. கிட்னியை அவ்வளவாகப் படுத்தாது. வெளியே வாங்க வேண்டும். சனிக்கிழமை அதன் முதல் பாட்டில் ஏறியது. பேச்சி ஆடவில்லை. தூங்கி எழுந்து, மகள் கௌசல்யாவுக்குப் பள்ளிக்கூடம் திறந்தாச்சா என்று கேட்டாள். மகள் ஊரில் பாட்டியிடம் இருந்தாள்.

வார்டு ஃப்ரிட்ஜ் பழுதாகிக் கிடந்ததால் மிச்ச மருந்தைக் குளிரில் வைத்துத் தினமும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கடை ஃப்ரிட்ஜின் கதவை ஓயாமல் திறப்பார்கள், கரண்டும் போகும். யோசித்து யோசித்து, ஃப்ரீசரில் பால் பாக்கெட்டுகளை ஒதுக்கி நடுவில் வைத்தான். முதலாளி தாணுமாலையனும் அதுதான் பத்திரம் என்றார்.

ஞாயிறு காலை ரோஸ் மருந்துக் குப்பியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். குலுக்காமல் சாய்த்துப் பார்த்தாள். அடியில் திரிதிரியாக நின்றது.

"எங்க வச்சிருந்தே?"

"ஃப்ரீசர்ல, சிஸ்டர்."

அவள் குப்பியை ட்ரேயில் தனியாக ஒதுக்கி வைத்தாள்.

"வெளிய வச்சா இளகிருமே சிஸ்டர்."

"இளகும். மருந்தாவாது. ஐஸாயிட்டா உள்ள உள்ளதெல்லாம் உடைஞ்சுபோவும். இனி இத ஏத்தப் பற்றில்ல, ஏத்தக் கூடாது."

மூன்று குப்பியும் அப்படித்தான் இருந்தன. மருந்து எர்ணாகுளத்திலிருந்து வர வேண்டும், செவ்வாய்க்கு முன்னால் கிடைக்காது. அதுவரை மருந்தை நிறுத்தவும் முடியாது. முதலில் உப்புத் தண்ணீர் பாட்டில் ஏற்றிவிட்டு, மறுபடி அந்த மஞ்சள் மருந்தைத்தான் போடப்போகிறோம் என்றார் டாக்டர்.

கறுப்புக் காகிதத்தைக் கண்டதும் பேச்சியின் முகம் சுருங்கியது. இசக்கி நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். கட்டுப் போடாத கண்ணால் அவனையே பார்த்தாள்.

"பாலுன்னு நெனைச்சியாக்கும்? எனக்கும் ஒரு கிளாஸ் அடிச்சுத் தாயேம்ல. சீனி போடாம."

அவன் கம்பளியை இழுத்து அவள் காலை மூடினான்.

"எம் மவகிட்ட இதச் சொல்லிராதலே. ஒன்ன வெறுத்துருவா."

பிறகு குளிர் வந்தது. இரண்டு கம்பளிக்கு மேலாக அவள் கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அவன் சொட்டையே பார்த்திருந்தான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

திங்கள் மதியத்துக்கு மேல் மூத்திரப் பையில் அளவு ஏறவேயில்லை. செவ்வாய் தெர்மகோல் பெட்டியில் மருந்து வந்தது. ரோஸே அதை வாங்கி, இடம் கேட்டுப் பக்கத்து வார்டு ஃப்ரிட்ஜில் நடுத்தட்டில் வைத்தாள். புதன் காலை பேச்சிக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. வியாழன் பத்து மணிக்குப் போய்விட்டாள்.

பூஞ்சை மூளைக்கு ஏறியிருந்தது, கிட்னியும் போயிருந்தது என்றார் டாக்டர். எது முந்தி என்று இசக்கி ரோஸிடம் கேட்டான்.

"அறியில்லடா" என்றாள். பொய் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தான். கண்டுபிடிக்க முடியவில்லை.

செவ்வாய் வந்த மருந்தில் இரண்டு குப்பி மிச்சம். பக்கத்து வார்டில் அம்மிணி என்றொரு பெண்ணின் புருஷனுக்கும் இதே நோய், கொடுக்கலாமா என்று ரோஸ் கேட்டாள். கொடுக்கச் சொன்னான். ஆம்புலன்ஸுக்குக் காத்து நின்றபோது அம்மிணி அவனைத் தேடி வராந்தாவுக்கு வந்தாள்.

"மோனே, மருந்து தந்தது நீதானா? இனி வேண்டாம்னா உங்க அக்காவுக்கு சுகமாயிட்டு, இல்லியா?"

அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் கண்ணில் அவ்வளவு ஆசை இருந்தது.

"இனி வாங்குறத வீட்டுல வைக்கச் சொன்னா நடுத்தட்டுல வைங்கக்கா," என்றான். "ஃப்ரீசர்ல மட்டும் வச்சிராதீங்க."