வாசலில் படுத்தவன்

தேனாம்பேட்டையில் மரக்கிடங்குக்குப் பின்னால் இருந்த சந்தில் அக்பர் பாஷாவின் வீடு எட்டடிக்குப் பத்தடி. ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே தண்ணீர்ப் பானை. அவன் உயிரோடு இருந்த வரைக்கும் படுக்கைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. நடுவில் ஒரு பழைய புடவையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுப்புப் பக்கம் அக்பர் பாஷாவும் அவன் மனைவி அமீனா பீயும். அவர்கள் காலடியில் குறுக்கே இரண்டு பெண் பிள்ளைகள். வாசல் பக்கம் தம்பி ஷரஃபுதீனும், அவன் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷமான வஜீஹாவும். ஒருவர் புரண்டால் ஆறு பேரும் புரள வேண்டும்.

"ரயிலு பொட்டி மாதிரி கீது. டிக்கெட்டு தான் கேக்க மாட்டான்" என்று அக்பர் பாஷா சிரிப்பான்.

ஆடி மாதம், நபி பிறந்த மௌலூது மாதத்துப் பிறை பார்த்த மறுநாள், வாந்திபேதியில் அவன் போனான். காலையில் ஆரம்பித்தது, விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிட்டது.

அமீனா பீ இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷன் போனவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. அந்நிய ஆண் முகத்தில் விழிக்கக்கூடாது. புருஷனின் தம்பியும் அந்தக் கணக்கில் அந்நியன்தான். ஆறு வயதில் தாயில்லாப் பிள்ளையாக அவள் கைக்கு வந்தவன் ஷரஃபுதீன். அவளுக்கு அப்போது பதிமூன்றோ பதினாலோ. அவள் ஊட்டித் தின்றவன், அவள் முந்தானையில் மூக்கைத் துடைத்தவன். ஆனாலும் அந்நியன். பெரிய வீட்டில் இது ஒரு கஷ்டமே இல்லை, பக்கத்து அறைக்குப் போய்விடலாம். இங்கே பக்கத்து அறை என்றால் தெருதான்.

அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலில் நின்ற கைவண்டிக்குப் போனான். மாம்பலத்தில் எழும்பிக்கொண்டிருந்த புது வீடுகளுக்குப் பகலெல்லாம் அவன் மரம் இழுத்துப் போகிற வண்டி அது. பள்ளிவாசலில் போய்ப் படு என்று பலர் சொன்னார்கள். வீட்டுக்குக் கதவு கிடையாது, கோணிப் படுதாதான். உள்ளே இரண்டு பொம்பளைகள், இரண்டு குழந்தைகள். அவன் நகரவில்லை.

"இன்னா நைனா, ஊட்டுக்காரி உள்ள, நீ வண்டி மேல. அடிச்சித் தொரத்திட்டாளா?" என்று கூட வண்டி இழுப்பவர்கள் கிண்டல் செய்தார்கள்.

நாள் எண்ணும் பொறுப்பையும் அவனே ஏற்றுக்கொண்டான். கட்டைகளில் எழுதியிருக்கும் அளவுகளைப் பார்த்துப் பார்த்துப் போன வருஷந்தான் எண்களைப் படிக்கக் கற்றிருந்தான். கிடங்கில் தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் தொங்கியது. சாயங்காலம் வந்ததும் படுதாவுக்கு வெளியே நின்று, அண்ணிக்குக் கேட்கும்படி, "இன்னும் எழுவது நாளு பாபி", "இன்னும் நாப்பது பாபி" என்று சொல்வான். அந்தக் குரலில் ஒரு பெருமை இருக்கும். அமீனா பீ முதல் இரண்டு பிறைகளைக் கூரை இடுக்கு வழியாகத் தானே பார்த்தாள். பிறகு மேகம் மூடிக்கொண்டது. படித்தவன் எண்ணுகிறானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. அவன் வண்டிக்கு மேலிருந்து வண்டிக்கு அடியில் போனான். மூன்றாம் நாள் இருமல் வந்தது. படுதாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அமீனா பீ அந்த இருமலைக் கேட்டாள். முகத்தைப் பார்க்க முடியாதவளுக்கு அவன் உடம்பு பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தச் சத்தம் மட்டும்தான். முதலில் காய்ந்திருந்தது, பிறகு உள்ளே எதையோ இழுப்பது போல ஆனது.

"வஜீஹா, உன் ஊட்டுக்காரன்கிட்ட சொல்லு. நடுவுல பொடவை கட்டிடலாம். நான் செவுத்தப் பாத்து, போத்திக்கினு படுத்துக்கறேன். உள்ள வரச் சொல்லு."

"எனுக்கும் காது கீது பாபி" என்றான் அவன் வெளியிலிருந்து. "வேணாம். சந்துல ஒவ்வொருத்தன் வாயும் ஒரு மொழம் கீது. நாலு மாசம் கெட்டியா இருந்துட்டு, இப்போ எதுக்கு ஒனக்கு ஒரு பேரு? இன்னும் அஞ்சே நாளு."

"இருமுறியேடா."

"இருமுனா இருமிட்டுப் போறேன். ஒனக்கு இன்னா, என் இருமலுக்கும் பர்தாவா?"

வஜீஹா சிரித்துவிட்டு அழுதாள். அஞ்சு நாள்தானே என்று அமீனா பீயும் நினைத்தாள்.

ஐந்தாம் நாள் காலை அவன் வேலைக்குப் போகவில்லை. பத்து மணி வாக்கில், நாலு வீடு தள்ளியிருந்த ஹாஜிரா பீ தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு நனைந்தபடி உள்ளே வந்தாள்.

"இன்னாம்மா இது, இன்னும் மூலையில குந்திக்கினு கீற? இத்தா முடிஞ்ச அன்னிக்கே வரணும்னு இருந்தேன், மழை உடல. ரஜப் மாசத்துப் பிறை பத்து முடிஞ்சி இன்னியோட அஞ்சு நாளாச்சே."

"நாளைக்குத்தான முடியுது?" என்றாள் வஜீஹா. "அவுரு காலண்டர் பாத்து எண்ணிக்கினு வந்தாரே."

"காலண்டரா? அது இங்கிலீசு மாசம்டி. இத்தாவுக்குப் பிறை இல்ல கணக்கு? பிறை மாசத்துக்கு நாளு கம்மி."

அமீனா பீ எழுந்தாள். படுதாவை ஒதுக்கிக்கொண்டு மழையில் வெளியே போனாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் பார்த்த முதல் ஆண் முகம் ஷரஃபுதீனுடையது. கன்னம் ஒட்டி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. மூன்று பெண்களும் சேர்ந்து அவனை இழுத்து வந்து அறைக்கு நடுவில் கிடத்தினார்கள். அடுப்பை மூட்டினார்கள். அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான், பயந்துபோய் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பாபி… இன்னும் ஒரு நாளு கீதே."

வஜீஹா வாயைத் திறந்தாள். அமீனா பீ அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள், வளையல் உடைகிற அளவுக்கு.

"இல்லடா கண்ணு. இன்னியோட முடிஞ்சிச்சி. மொத நாளையும் சேக்கணும்னு ஹாஜிரா சொல்றா. இப்போதான் முடிஞ்சிச்சி."

"அப்போ ஒரே நாளுதான் தப்பா?"

"அது தப்பே இல்ல. நீ சரியாத்தான் எண்ணின."

ஹாஜிரா பீ வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பெரிய பெரிய மௌலவிக்கே ஒரு நாளு முன்ன பின்ன வரும்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனாள்.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் இரண்டு பக்கமும் சளி கட்டிவிட்டது என்றார்கள். மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவன் ஒன்பது நாள் இருந்தான். அந்த ஒன்பது நாளும் அறையின் நடுப்பகுதி முழுக்க அவனுக்குத்தான். பெண்களும் பிள்ளைகளும் சுவரோரம் உட்கார்ந்தே தூங்கினார்கள்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவன் அதையே சொன்னான். மூச்சு வாங்க வாங்க, ஒரு தாள் விடாமல் பார்த்துக்கொண்டு வந்ததை, மழையிலும் இடத்தைவிட்டு அசையாததை, கடைசியில் கணக்கு ஒரே ஒரு நாள்தான் பிசகியதை.

"கேட்டுப் பாரு, பாபி சொல்லும்" என்பான்.

அமீனா பீ ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்று தலையாட்டினாள்.