பேசும் விறகு

இங்குன் படகை எடுக்க மறுத்த அன்று மாலை, அவள் முற்றத்தில் வானத்திலிருந்து முதல் விறகு விழுந்தது. பிளந்து, காய்ந்து, அடுப்பில் வைக்கத் தயாராக இருந்த கட்டை. எங்கள் ஸ்கார்வ் தீவில் மரமே கிடையாது. விறகெல்லாம் அக்கரையிலிருந்து படகில்தான் வரவேண்டும். அந்தப் படகுக்குக் கேப்டன் இங்குன். புயல் வரும் என்று வானிலைக்காரர்கள் சொன்னதை நம்பி அவள் படகைக் கட்டிப்போட்டாள். புயல் வரவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. அக்கரை மருத்துவமனையில் இருந்த அய்லெர்ட், தீவில் மாட்டிக்கொண்ட மனைவி தூர்டிஸ் வந்து சேராமலே அன்று மதியம் கண்ணை மூடினார்.

எங்கள் ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டோம். கதவைச் சாத்தி, காபியை ஊற்றிக்கொண்டு, அப்புறம்தான் ஆரம்பிப்போம். அப்படி அடுப்படிகளில் பேசியதெல்லாம் இங்குன் வீட்டில் விறகாக விழுந்தது. கிண்டல் என்றால் சுள்ளி, வயிறெரிந்து திட்டினால் தொடைப் பருமன். ஒரு கட்டை கூரையைப் பொத்துக்கொண்டு அவள் படுக்கையிலேயே விழுந்தது. அதிலிருந்து அவள் மேசைக்கு அடியில்தான் படுத்தாள், பாவம். ஆனால் விழுந்த விறகுக்கு அவள் அவ்வளவு பயப்படவில்லை. ஊரெல்லாம் பேசியும் தூர்டிஸ் மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. திறந்தால் விழப்போகிற மரம் வீட்டோடு சேர்த்துத் தன்னையும் நசுக்கிவிடும் என்று இங்குன் நம்பினாள். கூரை லேசாக முனகினாலும் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொள்வாள்.

புகார் மேல் புகார் போனதில் படகுக் கம்பெனி அவள் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்தது. விறகோ மலையாகக் கிடந்தது. ஒன்றை எரித்துப் பார்த்தாள். அடுப்புக்குள்ளிருந்து கடைக்கார ஹால்வாரின் குரல் வந்தது: “அந்தம்மாவுக்குத் தூறல் விழுந்தாலே ஜன்னி கண்டுடும். இவளெல்லாம் ஒரு கேப்டனாம்!” இதை மறைத்து விற்க அவளுக்கு மனம் வரவில்லை. மற்றவர்கள் முட்டையும் உருளைக்கிழங்கும் வைப்பதுபோல, சாலையோரம் ஆளில்லாக் கடை ஒன்று போட்டு, காசு போட ஒரு டப்பாவும் வைத்து, பலகையில் எழுதினாள்: ‘இந்த விறகு பேசும். தெரிந்து வாங்குங்கள்.’ விலை அக்கரையில் என்னவோ அதுவேதான், ஒரு குரோனர்கூட ஏற்றவில்லை. குளிர் யாரை விட்டது? எல்லோரும் வாங்கினோம். ஹால்வாரும் வாங்கினார். “ஏங்க, நம்ம அடுப்பு உங்களை மாதிரியே பேசுதே!” என்று அவர் மனைவி வயிறு குலுங்கச் சிரித்தாளாம்.

மறு வருஷம் கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் மறுபடியும் புயல் எச்சரிக்கை, மறுபடியும் எண்ணெய்க் கடல். துறையில் ஜனம் கூடி, கடலைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. ஹால்வார் கடலிடம் சொல்வதுபோல், “கடல் நல்லாத்தான் இருக்கு, இல்ல?” என்றார். பின்னாலிருந்து யாரோ, “அம்மா கடையில சரக்கு தீர்ந்துபோச்சு போல, அதான் மறுபடி ஏச்சு வாங்கப் பாக்குறாங்க,” என்று முணுமுணுத்தார்கள். இங்குனுக்கு இன்னொரு வருஷம் மேசையடியில் படுக்கத் தெம்பில்லை. படகை எடுத்துத் தொலைத்துவிடலாம் என்று கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள்.

அப்போதுதான் தூர்டிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் முகத்துக்கு நேரே நின்றாள். “என் மனுஷன் தனியாக் கெடந்து செத்தான். உன்னாலதான். உன்னை நான் மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன்.”

இங்குன் தலையை மூடிக்கொண்டு குந்திவிட்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். துறையிலும் அவள் வீட்டிலும் எதுவும் விழவில்லை, ஒரு சுள்ளிகூட.

“எழுந்திரு,” என்றாள் தூர்டிஸ். “கயித்தை இறுக்கிக் கட்டு. புயல்னா புயல்தான். இன்னொருத்தி புருஷன் கடலோட போகக் கூடாது.”

சாயங்காலம் வந்த புயல் துறையில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போனது. யாரும் இங்குனுக்கு நன்றி சொல்லவில்லை. எங்களுக்கு அந்தப் பழக்கமும் கிடையாது. பண்டிகைக் கறி வந்து சேரவில்லையே என்று மறுநாளே கொஞ்சம் விறகு விழுந்தது. இங்குன் கூரைக்குத் தடித்த தகரம் அடித்துவிட்டு, மேசையடியை விட்டுக் கட்டிலுக்கு வந்துவிட்டாள். தூர்டிஸ் அவ்வப்போது வந்து, டப்பாவில் காசைப் போட்டுவிட்டு, ஒரு கட்டு எடுத்துப்போகிறாள். அவளும் இங்குனும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் எங்கள் ஊரில் எந்த அடுப்பிலும் இன்றுவரை தூர்டிஸின் குரல் கேட்டதில்லை.