செங்கொடியின் பெயரில் வந்த ரத்தம்

காட்டுப்பள்ளி கப்பல் தளத்தில், பற்றவைத்த குழாய்களைக் கதிர்வீச்சால் படமெடுத்துச் சோதிக்கும் குழுவில் செங்கொடி உதவியாள். உடம்பில் பட்ட கதிரை அளக்கும் பேட்ஜை நெஞ்சில் குத்திக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். ஆனால் அளவு ஏறினால் ஆளை நிறுத்திவைக்க வேண்டுமே, வேலை என்னாவது? மேஸ்திரி கிருஷ்ணப்பன் எல்லாருடைய பேட்ஜையும் ஏசி அறை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார். பேட்ஜெல்லாம் குளுகுளுவென்று தூங்கும். ஆட்கள்தான் வெளியே வெந்துகொண்டிருப்பார்கள்.

செங்கொடியின் விரல்கள் கொப்புளித்துத் தோலுரிந்தபோது மேஸ்திரி கையை விரித்தார்.

"பேட்ஜுல ஒண்ணுமே ஏறல. எங்கனா சுட்டுக்கினு இருப்ப."

"பேட்ஜி டிராயர்ல கீது. ரத்தம் என் ஒடம்புல கீது. அத்த கேளு மேஸ்திரி."

கதிர் பட்டால் ரத்த அணுவுக்குள் குரோமோசோம்கள் உடைந்து தாறுமாறாக ஒட்டிக்கொள்ளும், அந்தத் தடயம் சீக்கிரம் அழியாது என்று ஆய்வக டாக்டர் கௌசர் அவளிடம் சொல்லியிருந்தார். நிரூபித்தால் கம்பெனி வைத்தியம் பார்க்கும். இல்லாவிட்டால் விரலும் போகும், வேலையும் போகும்.

கம்பெனியின் முதலுதவி அறையில் ரத்தம் எடுத்தார்கள். அதை ஆய்வகத்தில் சேர்க்கும் பொறுப்பை மேஸ்திரி தானாகவே வாங்கிக்கொண்டார். அவர் அவ்வளவு நல்லவரானபோதே அவள் சுதாரித்திருக்க வேண்டும்.

முடிவு வந்த அன்று மேஸ்திரி தன் மகன் அன்பரசனோடு ஆய்வகத்துக்குத் தெம்பாகத்தான் வந்தார். அன்பரசன் அதே குழுவின் சூப்பர்வைசர்.

"கதிர் நல்லாவே பட்டிருக்கு," என்றார் கௌசர். "ஆனா இது செங்கொடியோட ரத்தமில்ல. குரோமோசோமப் பார்த்தா ஆம்பளையோடது."

மேஸ்திரியின் முகம் செத்துப்போனது.

"நைனா," என்றான் அன்பரசன் மெதுவாக. "அன்னிக்கி ஹெல்த் கேம்ப்புன்னு என் கைல எடுக்க வெச்சியே. அதானா இது?"

மேற்பார்வை பார்ப்பவனுக்கு என்ன வந்துவிடும் என்று நினைத்துவிட்டார் மனுஷன். அவன் பேட்ஜும் அதே டிராயரில்தான் கிடந்தது. அன்பரசனைப் பார்க்கச் செங்கொடிக்குப் பாவமாக இருந்தது. அவன் அப்பனைப் பார்க்க இல்லை.

"வெளில சொல்லாத செங்கொடி. ரெண்டு பேரு வைத்தியத்தையும் நான் பாத்துக்கிறேன்," என்றார் கிருஷ்ணப்பன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"இப்ப என்னுத எடுங்க டாக்டர். என் கண்ணெதிர்ல பேரு எழுதுங்க. நாளைக்கு கேங்கு மொத்தமும் ரத்தம் குடுக்க வரும்." பிறகு மேஸ்திரியைப் பார்த்தாள். "டிராயர் சாவிய வெச்சிட்டுப் போ."

கிருஷ்ணப்பன் அசையவில்லை. அன்பரசன்தான் அப்பாவின் சட்டைப்பையில் கைவிட்டுச் சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.