பழனிக்குப் போன முடி

கதிரேசனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. முடி நடும் அந்த டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்து, பூனாவின் புறநகரான கசார்வாடியிலிருந்து அம்மா பானுமதியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். தொப்பியைக் கழற்றியதும் டாக்டர் முகம் சுளித்தார்.

“பின்னந்தலையில் அடர்த்தி எப்படி, முன்னால் எதுவரை கொட்டியிருக்கிறது என்று பார்த்தால்தான் உங்களுக்கு நடலாமா கூடாதா என்று சொல்ல முடியும். மொட்டைத் தலையில் எதைப் பார்ப்பது? வளர்ந்ததும் வாருங்கள்” என்று இந்தியில் சொல்லி அனுப்பிவிட்டார்.

வாசலுக்கு வந்ததும் கதிரேசன் வெடித்தான்.

“போன வாரந்தான் பழனிக்கு இழுத்துட்டுப் போகணுமா? இருந்த நாலு முடியையும் வழிச்சுப்புட்டியேம்மா! உன் பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்!”

“ஆபரேஷன் நல்லபடியா நடக்கணும்னுதானடா மொட்டை போட்டோம்!” பானுமதியின் குரலும் ஏறியது. “அவன் கிடக்கான். பூனாவுல வேற டாக்டரே இல்லையா?”

“எவன்கிட்ட போனாலும் முடி வளரணும். இனிமே என் தலையில கை வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

“அது எப்படிடா?” என்றாள் அவள் பதறிப்போய். “நட்டது நல்லா முளைச்சா அதையும் உனக்கே குடுத்துடறேன்னு முருகன்கிட்ட நேர்ந்துக்கிட்டேனே!”